சன்னாசிப்பட்டியில் ஒரு கோடி: வீடு தேடி வந்த மருத்துவத்தை எப்படி எண்ணுவது?

திருச்சியிலிருந்து பேசுறேன். ஏற்கெனவே ஒலியில் கேட்டவங்களுக்கு ஒரு வார்த்தை: இது அதே பேச்சுதான். நடுவுல வந்த இருமல், 'வந்து', 'அதாவது' எல்லாத்தையும் எடுத்துட்டு, படிக்கிறதுக்கு வசதியா கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கோம்.

இன்னிக்கு எடுத்துக்கிட்ட விஷயம், 'நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம்'. கேட்கும்போது கருத்தரங்கு பேனரில் எழுதுற வாசகம் மாதிரி இருக்கும். நோயாளியை மையமா வைக்காம வேற யாரை வைப்பாங்கன்னு கூடத் தோணும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஓ.பி. சீட்டு எத்தனை மணிக்குக் கொடுக்கணும், ரத்தப் பரிசோதனை எந்த நாளில், மாத்திரை எத்தனை நாளுக்கு... இதையெல்லாம் யாருடைய வசதியை வைத்து முடிவு பண்றாங்க? பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் வசதியை வைத்துத்தான். அந்த முடிவுகளை நோயாளி பக்கம் திருப்புறதுதான் இந்தச் சீர்திருத்தம். ஒரு டாக்டர் அன்பா பேசுறதோட அது முடிஞ்சு போறதில்லை. ஒரு மாநிலம் முழுக்க அதைச் செய்யணும்னா பணம், ஆள், மருந்துக் கிடங்கு, பதிவேடு எல்லாமே மாறணும். தமிழ்நாடு அதை ஒரு இடத்தில் நிஜமாவே செஞ்சு பார்த்திருக்கு. அதில் ஒரு முக்கியமான காட்சி நம்ம மாவட்டத்தில்தான் நடந்தது.

2022 டிசம்பர் 29. மணப்பாறை பக்கம் சன்னாசிப்பட்டி. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்தக் கிராமத்துக்கு வந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகத்தைக் கொடுத்தார். திட்டம் தொடங்கினது 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். பதினேழு மாதத்துக்குள்ள ஒரு கோடி. அந்த எண்ணைப் பற்றி அப்போதே வாதம் கிளம்பியது. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல, இப்படி ஒரு திட்டம் எதுக்கு வேண்டியிருந்ததுன்னு பார்ப்போம்.

மாத்திரை இலவசம், வாங்குறது இலவசம் இல்லை

மருந்து சப்ளையைப் பொறுத்தவரை தமிழ்நாடு ரொம்ப முன்னாடியே ஒரு நல்ல வேலையைச் செய்துவிட்டது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியா மருந்து வாங்கும். விலையும் ஒரே மாதிரி இருக்காது, தரமும் இருக்காது. கழகம் வந்ததும் மாநிலத்துக்கே மொத்தமா டெண்டர் விட்டு, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கி பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். உங்க கணக்கில் இவ்வளவு இருக்கு, தேவைக்குத் தகுந்த மாதிரி கிடங்கிலிருந்து எடுத்துக்கோங்க. இவ்வளவுதான் ஏற்பாடு. இந்தியாவில் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துட்டுப் போய் காப்பி அடித்த முறை இது. ராஜஸ்தானும் கேரளாவும் பின்னாடி இதே மாதிரி கழகங்களை அமைத்தன.

அடுத்தது தொற்றா நோய்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை. உலக வங்கி உதவியோட நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழே, ரத்த அழுத்தத்துக்கான முன்னோட்டத்தை சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலும், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முன்னோட்டத்தை தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களிலும் செய்து பார்த்தார்கள். 2012-ஐ ஒட்டி அதை மாநிலம் முழுக்க விரித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுக்கென்றே ஒரு செவிலியர், ஒரு கருவி, ஒரு பதிவேடு.

ஆக, 2020 வாக்கில் நிலைமை என்ன? மருந்து இருக்கு. செவிலியர் இருக்காங்க. பரிசோதனை இலவசம். இப்போ அந்த 2020-ல் எடுத்த மாநில அளவிலான ஆய்வு என்ன சொல்லுதுன்னு பாருங்க. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறையில் எடுத்த ஆய்வு அது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அந்த ரத்த அழுத்தக்காரர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8.

நூறு பேருக்கு பி.பி. இருந்தா ஏழு பேருக்குத்தான் கட்டுக்குள். இந்தியாவிலேயே நல்ல பொது சுகாதாரத் துறைன்னு பேர் எடுத்த மாநிலத்தில் இதுதான் கணக்கு. இந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப் பிழையோன்னு இன்னொரு இடத்திலும் பார்த்தேன். பிழை இல்லை.

மீதி தொண்ணூத்து மூணு பேர் எங்கே போனாங்க? சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், மாத்திரை எடுக்கலை. சிலர் எடுத்தாங்க, ஆனா விட்டு விட்டு. இந்த மூணாவது கூட்டத்தைத்தான் நல்லா புரிஞ்சுக்கணும்.

மணப்பாறை, வையம்பட்டி, துவரங்குறிச்சி பக்கம் ஒரு கிராமத்தில் அறுபது வயசு தாண்டின ஒரு அம்மாவை வச்சுக்கோங்க. மாசம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். காலையில் பஸ்ஸைப் பிடிக்கணும். சர்க்கரை பார்க்க வெறும் வயித்தோட வரணும். சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு, மருந்துக்கு என்று வரிசைகள். மத்தியானம் ஆயிடும். நூறு நாள் வேலை இருந்த அன்னிக்கு அந்தக் கூலி போச்சு. மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் ஆனது 2021-ல்தான், அதுவும் ஊருக்குள் டவுன் பஸ் வந்தால்தான். இவ்வளவும் எதுக்கு? போன மாசம் கொடுத்த அதே அம்லோடிபின், அதே மெட்ஃபார்மின் வாங்குறதுக்கு. உடம்பில் வலி எதுவும் இல்லை. மூணாவது மாசம் ஒரு கல்யாணம் வரும், நாலாவது மாசம் நாத்து நடவு. விட்டுப்போகும். இதுக்கு 'நோயாளிக்கு விழிப்புணர்வு போதாது'ன்னு அறிக்கையில் எழுதுவாங்க. அந்த அம்மாவுக்கு விழிப்புணர்வு நல்லாவே இருக்கு. எந்த நாள் எவ்வளவு கூலி போகும் என்கிற கணக்கும் சேர்ந்து இருக்கு, அவ்வளவுதான்.

பக்கத்து மாவட்டங்களில் ஒரு ஒத்திகை

இந்த இடத்தில் கொஞ்சம் விராலிமலைக்குப் போயிட்டு வரலாம். திருச்சியிலிருந்து மதுரை ரோட்டில் போனா முக்கால் மணி நேரம். 2017-ல் தமிழ்நாடு அரசு 'அனைவருக்கும் நலவாழ்வு' என்று மூன்று வட்டாரங்களில் ஒரு முன்னோட்டத்தை ஆரம்பித்தது. கிருஷ்ணகிரியில் சூளகிரி, புதுக்கோட்டையில் விராலிமலை, பெரம்பலூரில் வேப்பூர். மூணில் ரெண்டு நமக்குப் பக்கத்து மாவட்டங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பம் மற்றும் கொள்கைக்கான மையம், பேராசிரியர் வி.ஆர். முரளீதரன் குழு, இதோட கூடவே இருந்து அளந்து பார்த்தது.

அவங்க கை வைத்த இடம் ரொம்பச் சின்னது: துணை சுகாதார நிலையம். ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு ஒண்ணுன்னு மாநிலத்தில் 8,713 இருக்கு. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கட்டடம்தான். தடுப்பூசி போடும் நாளில் மட்டும் திறந்திருக்கும், மத்த நாளில் பூட்டு தொங்கும். பூட்டு தொங்குறதுக்கு கிராம சுகாதார செவிலியர் காரணம் இல்லை. அவங்க ஒரே ஆள். கர்ப்பிணிகளைப் பார்க்க ஊருக்குள் போனால் நிலையத்தைப் பூட்டித்தான் ஆகணும். முன்னோட்டத்தில் கூடுதலா ஒரு ஆளைப் போட்டு, மருந்துப் பட்டியலை நீட்டி, சில பரிசோதனைகளைச் சேர்த்து, கதவைத் தினமும் திறந்து வைத்தார்கள்.

விளைவு? காய்ச்சல், வயித்து வலி, பி.பி. மாத்திரை போன்றவற்றுக்கு மக்கள் அங்கே வர ஆரம்பிச்சாங்க. தனியாரிடம் போவதும், கைக்காசு செலவும் குறைஞ்சது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், யாரும் எந்த விளம்பரமும் செய்யலை என்பதுதான். கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சதும் ஜனங்க வந்துட்டாங்க.

இந்த ஒத்திகை சொன்ன சேதி ஒண்ணு இருக்கு. காப்பீட்டுத் திட்டம் பெரிய ஆபரேஷனுக்கு உதவும். 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டிலிருந்து இப்போதைய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வரை, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைத்தன. மறுப்பில்லை. ஆனா இந்தியக் குடும்பங்கள் மருத்துவத்துக்குக் கையிலிருந்து செலவழிப்பதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் படுப்பதுக்கு இல்லை. வெளிநோயாளியா வாங்குற மருந்துக்குத்தான். மாசா மாசம் ஐந்நூறு, எழுநூறுன்னு போற காசு எந்தக் காப்பீட்டு அட்டையிலும் வராது.

வாசலில் என்ன நடக்குது

இப்போ திட்டத்துக்கு வருவோம். 'மக்களைத் தேடி மருத்துவம்' எப்படி ஓடுதுன்னு சுருக்கமா சொல்றேன்.

ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதே ஊரைச் சேர்ந்தவர். கையில் பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், பதிவு செய்யும் செயலி. வீடு வீடா போய் அளக்கிறார். அளவு கூடுதலா இருந்தா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புறார். அங்கே டாக்டர் பார்த்து உறுதி செய்து மருந்து எழுதினால்தான் அடுத்த கட்டம். அதுக்குப் பிறகு, நாற்பத்தைந்து வயசுக்கு மேற்பட்டவர்கள், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கு அந்த மாத்திரை வந்து சேரும். அவர் தானா மருந்து எழுதுறதோ மாத்துறதோ கிடையாது. இதைச் சிலர் தப்பா நினைச்சுட்டு இருக்காங்க, அதனால சொல்றேன்.

அவருக்கு மேலே நிலையத்தில் ஒரு இடைநிலை சுகாதாரச் செவிலியர். வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர், ஒரு நோய் ஆதரவுச் செவிலியர், அவங்க போய்வர ஒரு வண்டி. பக்கவாதம் வந்து படுத்தவருக்கு வீட்டிலேயே கை கால் பயிற்சி. புற்றுநோய் முற்றியவருக்குப் புண் சுத்தம் செய்து, வலிக்கு வழி சொல்வது. சிறுநீரகம் பழுதாகி வயிற்று வழியா டயாலிசிஸ் செய்றவங்களுக்கு அந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது.

பத்திரிகையில் மாத்திரைப் பெட்டிதான் படமா வந்தது. என்னைக் கேட்டா, படுத்த படுக்கையா இருக்கிறவர் வீட்டுக்கு ஒரு செவிலியர் வர்றதுதான் இதில் பெரிய விஷயம். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். உத்திர வீதியிலும் சித்திர வீதியிலும் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். எண்பது வயசு மாமாவை எண்பது வயசு மாமி பார்த்துக்கிறாங்க. படுக்கைப்புண் வந்துட்டா அவரைத் தூக்கி ஆட்டோவில் வைத்து புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது எந்த மாமியால் முடியும்? காசு இருக்கிற வீட்டில் தனியார் ஹோம் நர்ஸ் வைப்பாங்க. இல்லாத வீட்டில் அந்தப் புண் அப்படியேதான் இருக்கும். ஒரு வட்டாரத்துக்கு ஒரே ஒரு நோய் ஆதரவுச் செவிலியர் போதுமா என்பது வேற கேள்வி. போதாது. ஒரு வட்டாரம்னா லட்சம் பேருக்குக் குறையாது. ஒரு வீட்டுக்கு அவங்க அடுத்த தடவை வர்றதுக்குள்ள வாரங்கள் ஓடிப்போகும்.

எந்த எண்ணை எண்ணுவது?

சன்னாசிப்பட்டி ஒரு கோடிக்கு வருவோம். எதிர்க்கட்சிகள் 'இது பொய்க்கணக்கு'ன்னாங்க, அரசு 'இதோ பட்டியல்'ன்னது. அந்த அரசியல் சண்டைக்குள்ள நான் போகலை. எனக்கு அதைவிட அடிப்படையான ஒரு சந்தேகம்.

'பயனாளி'ன்னா யார்? ஒரு தடவை மாத்திரை வாங்கினவரா? தொடர்ந்து பன்னிரண்டு மாசம் வாங்கினவரா? வாங்கி, முழுங்கி, பி.பி. 140/90-க்குக் கீழே வந்தவரா? மூணும் மூணு வேற எண்கள். முதல் எண் எப்பவும் ஏறும், ஒருநாளும் இறங்காது. ஏன்னா ஒரு தடவை பேர் ஏறிட்டா ஏறினதுதான். மேடையில் அறிவிக்க வசதியான எண் அது. நோயாளிக்கு வேண்டியது மூணாவது எண். அது ஏறும், இறங்கும், மழைக்காலத்தில் சரியும், தன்னார்வலர் வேலையை விட்டு நின்னா அந்த ஊரில் விழும். மேடையில் வைக்க முடியாது.

தமிழ்நாடு அந்த மூணாவது எண்ணையும் மறுபடி அளந்தது. அதுக்காகப் பாராட்டணும். ஸ்டெப்ஸ் ஆய்வின் இரண்டாவது சுற்று 2023-24-ல் நடந்தது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 7.3-லிருந்து 17 சதவீதம் ஆனாங்க. சர்க்கரை 10.8-லிருந்து 16.7.

இதை எப்படிப் படிக்கிறது? ரெண்டு விதமா படிக்கலாம், ரெண்டும் சரிதான். நாலு வருஷத்துக்குள்ள பி.பி. கட்டுப்பாடு ரெண்டு மடங்குக்கு மேலே போயிருக்கு. ஒரு மாநிலம் முழுக்க இப்படி ஆகுறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதே சமயம், நூத்துக்கு எண்பத்து மூணு பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரலை. இந்த ஏற்றம் முழுக்க இந்த ஒரு திட்டத்தால்தான்னும் சொல்ல முடியாது. 2020 கொரோனா வருஷம். அதுக்குப் பின்னாடி எல்லாரும் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலா கவலைப்பட ஆரம்பிச்சாங்க, துணை நிலையங்களில் செவிலியர்கள் சேர்ந்தாங்க. எல்லாம் கலந்துதான் இருக்கும். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது. விருது வந்தது நல்லது. எனக்கு 7.3 பதினேழு ஆனதுதான் அந்த விருதைவிடப் பெரிய சேதி.

காலை பத்து மணிக்கு வீட்டில் யார் இருப்பாங்க?

தன்னார்வலர் கதவைத் தட்டுற நேரத்தில் வீட்டில் இருப்பது யார்? பெரியவங்க, வீட்டில் இருக்கிற பெண்கள். நாற்பது வயசு ஆம்பளை இருக்க மாட்டார். காந்தி மார்க்கெட்டில் ராத்திரி லோடு இறக்கிட்டுப் பகலில் தூங்குறவரைத் தட்டி எழுப்பி பி.பி. பார்த்தால் அவர் என்ன சொல்வார்னு நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை. லாரி டிரைவர் ஊரிலேயே இருக்க மாட்டார். துவாக்குடி பக்கம் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்க்கிறவர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். திடீர்னு பக்கவாதம் வந்தா குடும்பமே உட்கார்ந்து போறது இந்த ஆட்களுக்குத்தான். வீடு தேடிப் போற திட்டம் இவங்களைத் தேடிப் பிடிக்கிறதில்லை.

பிறகு தொழிற்சாலை, பணியிடங்களிலும் பரிசோதனை என்று திட்டத்தை விரித்தார்கள். பெரிய கம்பெனிக்கு அது சரி. தனியா உழைக்கிறவருக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: சாயந்திரம் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி. கேரளா 2017-ல் 'ஆர்த்ரம்' என்கிற இயக்கத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களா மாத்தினபோது ஓ.பி. நேரத்தைச் சாயந்திரம் வரைக்கும் நீட்டினாங்க. தமிழ்நாட்டில் 2023 ஜூன் 6-ஆம் தேதி ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. அந்த 'மாலை 4 முதல் 8' என்கிற ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓ.பி. நேரத்தை யாரோ கூலிக்காரர் பக்கத்திலிருந்து யோசிச்சிருக்காங்க. திருச்சி மாநகராட்சிக்குள்ள இருக்கிற மையங்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பாருங்க. சாயந்திரம் ஏழு மணிக்குப் போனா டாக்டர் இருக்காரா? இருந்தா அந்தச் சீர்திருத்தம் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்துடுச்சு.

தில்லைநகர் ஃபைல்

இன்னொரு ஓட்டையும் இருக்கு. நம்ம ஊரில் பாதிப் பேர் தனியாரிடம் போறவங்க. தில்லைநகர்ல நடந்து பாருங்க, ஒவ்வொரு கிராஸிலும் ஒரு மருத்துவமனை, எதிரே ரெண்டு மருந்துக்கடை, பக்கத்தில் ஒரு லேப். எங்க அப்பாவுக்கு அங்கே ஒரு இடத்தில், பேர் வேண்டாம், வருஷக்கணக்கா சர்க்கரைக்குப் பார்த்தோம். இடம் மாத்தணும்னு வந்தபோது பழைய அளவுகள் எல்லாம் வேணும்னு கேட்டோம். 'ஃபைல் எங்ககிட்டதான் இருக்கும் சார், உங்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தோமே' என்றார்கள். அவர் அட்மிட்டே ஆகலை! கடைசியில் மருந்துக்கடை பில்களை வைத்து நாங்களே ஒரு நோட்டில் எழுதி எடுத்துட்டுப் போனோம்.

நோயாளியை மையமாக வைப்பதில் இது முக்கியமான பகுதி: அவருடைய உடம்பின் கணக்கு அவர் கையில் இருக்கணும். அரசு செயலியில் ஏறின அளவு தனியார் டாக்டருக்குத் தெரியாது. தனியார் எழுதின மாத்திரை தன்னார்வலருக்குத் தெரியாது. ரெண்டு இடத்திலும் மாத்திரை வாங்கி, ஒரே மருந்தை ரெண்டு கம்பெனி பேரில் சேர்த்து முழுங்குற பெரியவங்களும் இருக்காங்க.

அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு குட்டி மாநிலம். நம்ம திருச்சி மாவட்ட மக்கள்தொகையில் கால்வாசிதான் இருக்கும். அங்கே 2006-ல் சட்டம் போட்டு 'புளூபிரிண்ட்' என்கிற திட்டத்தை நடைமுறைப்படுத்தினாங்க. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பொறுப்பான டாக்டர், அவருக்குத் துணையா ஊருக்கு ஒரு சமூக நலக் குழு. தனியார் கிளினிக்குகளையும், அரசு, தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தாங்க. அந்தக் குழுவின் சம்பளத்தை எல்லாரும் சேர்ந்து கட்டினாங்க. நம்ம நிலைமை வேற, அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனா தனியாரை வெளியே விட்டுட்டு ஒரு மாநிலச் சீர்திருத்தம் பாதிதான் ஆகும் என்பதை அவங்க ஆரம்பத்திலேயே புரிஞ்சுக்கிட்டாங்க.

தூக்கிச் சுமக்கிறவங்க

அந்தப் பெண் தன்னார்வலர்களைப் பற்றிச் சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. முழுத் திட்டமும் அவங்க தோளில் இருக்கு. பேரு 'தன்னார்வலர்'. கிடைக்கிறது மாசம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பாதி நாள் வேலை என்பது காகிதத்தில். வீட்டில் ஆள் இல்லைன்னா சாயந்திரம் திரும்பப் போகணும். செயலியில் பதியலைன்னா வேலை செஞ்சதா கணக்கு இல்லை. தொழிலாளர் என்கிற அங்கீகாரம், குறைந்தபட்ச ஊதியம் கேட்டு அவங்க போராட்டமும் நடத்தியிருக்காங்க. நோயாளியின் பஸ் செலவையும் கூலி இழப்பையும் நாம இந்தப் பெண்கள் தலையில் மாத்தி வைத்தால், கஷ்டம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். அவங்க நின்னுட்டா அந்த ஊரின் கட்டுப்பாட்டு எண் மூணே மாசத்தில் பழைய இடத்துக்குப் போயிடும்.

ரகசியம் பற்றியும் கொஞ்சம் யோசிக்கணும். தன்னார்வலர் அதே ஊர்க்காரர். அதுதான் பலம், அதுதான் சங்கடமும். சர்க்கரை இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா பெரியவங்களுக்குப் பரவாயில்லை. கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற இருபத்தெட்டு வயசுப் பெண்ணுக்கு? மனநல மாத்திரை சாப்பிடுறவருக்கு? 'எனக்கு வீட்டுக்கு வர வேண்டாம், நான் வந்து வாங்கிக்கிறேன்'ன்னு சொல்ற வழியும் இருக்கணும். நோயாளிக்கு வசதி எதுன்னு நாமளே முடிவு பண்ணிட்டா அது மறுபடியும் நம்ம வசதிதான்.

யாரிடம் கேட்கிறது?

அரசியல் சாசனப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கு. அதனால இதில் மாநிலம்தான் பதில் சொல்லணும். தமிழ்நாட்டுக்கு 1939-லிருந்தே தனிப் பொது சுகாதாரச் சட்டம் உண்டு, தனி இயக்குநரகம் உண்டு. 2019-ல் உலக வங்கி 287 மில்லியன் டாலர் கடன் ஒப்புக்கொண்ட சீர்திருத்தத் திட்டத்தில் பணம் வர்றது கட்டடத்துக்கு இல்லை, முடிவுகளுக்கு. சிகிச்சைத் தரம் எவ்வளவு கூடியது, தொற்றா நோய் எவ்வளவு கட்டுக்குள் வந்தது என்று பார்த்துத்தான் தவணை. அதன் ஒரு பகுதியா மாவட்ட சுகாதாரப் பேரவைகள் நடந்தன. மக்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், அதிகாரிகள் ஒரே அறையில் உட்கார்ந்து தேவையைச் சொல்லி, அதை மாநிலப் பேரவைக்கு அனுப்புற ஏற்பாடு. ராஜஸ்தான் இன்னும் ஒரு படி மேலே போய் 2023-ல் சுகாதார உரிமைச் சட்டமே கொண்டுவந்தது. தனியார் டாக்டர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். நமக்கு அந்தச் சட்டம் இல்லை. பேரவை இருக்கு, ஆனா எப்ப நடக்குதுன்னு தெரிஞ்சவங்க கம்மி.

போன வருஷம், 2025 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தொடங்கின 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் 17 துறை சிறப்பு மருத்துவர்களை ஒரே இடத்தில் பார்க்க முடிஞ்சது. கூட்டமும் நல்லா வந்தது. எக்கோ எடுக்க வழியில்லாதவருக்கு அது வரம். ஆனா முகாம் ஒரு நாள். சர்க்கரை முப்பது வருஷம். முகாமில் கண்டுபிடிச்ச நோயை மறுநாள் யார் கையில் ஒப்படைச்சாங்க என்பதுதான் நான் கேட்கிற கேள்வி. அது அந்தத் துணை சுகாதார நிலையத்தின் கையாகத்தான் இருக்க முடியும்.

கடைசியா, கேட்கிறவங்க செய்யக்கூடியது. உங்க வீட்டில் பெரியவங்க இந்தத் திட்டத்தில் மாத்திரை வாங்கினா, ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு தடவையும் அளவை அந்தத் தன்னார்வலர் கையாலேயே எழுதி வாங்குங்க. மூணு மாசமா மாத்திரை வந்தும் அளவு இறங்கலைன்னா, 'மாத்திரை வருதே'ன்னு விட்டுடாதீங்க, டாக்டரைப் பார்த்து மருந்தை மாத்தச் சொல்லுங்க. தனியாரில் வாங்குற மாத்திரை அட்டையையும் அங்கே காட்டுங்க. மாத்திரை வர்றது நின்னு போனாலோ, யாருமே உங்க தெருவுக்கு வரலைன்னாலோ, முதலில் துணை சுகாதார நிலையத்தில் கேளுங்க. அங்கே பதில் இல்லைன்னா 104-க்கு அழைச்சுச் சொல்லுங்க. உங்க ஊர் நிலையத்தில் பி.பி. கட்டுக்குள் இருக்கிறவங்க எத்தனை சதவீதம்னு அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்க. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம்னு பதில் சொன்னா, உட்காராம அதே கேள்வியை இன்னொரு தடவை கேளுங்க.